பன்னிரண்டாம் பாடத்தை விட்டுவிடாதீர்கள்

மேல்நிலைப் பள்ளிகளில் பொருளியல் நடத்தும் முதுகலை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,



பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்ததும் உங்கள் பள்ளியில் குரூப் பிரிக்கும் வேலை தொடங்கிவிடும். தலைமையாசிரியர் அறை வாசலில் பெற்றோர் காத்திருப்பார்கள். மதிப்பெண்ணைப் பார்த்து ஃபர்ஸ்ட் குரூப், சயின்ஸ் குரூப், தேர்ட் குரூப் என்று பெயர்கள் எழுதப்படும். ஒரு மாணவி பிற்காலத்தில் பொருளியலில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது பெரும்பாலும் அந்தச் சில நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது. எழுதுகிறவருக்கும் அது தெரிவதில்லை, அந்தப் பெண்ணுக்கும் தெரிவதில்லை. அதைப் பேசத்தான் இந்த மடல்.

நான் அரசு கலைக் கல்லூரிகளில் பொருளியல் நடத்தி ஓய்வுபெற்றவள். நீங்கள் அனுப்பிவைத்த பிள்ளைகளை வரவேற்று உட்காரவைத்தவள். அமைச்சருக்கோ துணைவேந்தருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்களிடம் வரும்போது அவளுக்குப் பதினேழு வயது ஆகியிருக்கும். பொருளியல் என்றால் என்ன, அது தனக்கு வருமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதற்குள் அவள் மனசில் ஒரு பதில் பதிந்திருக்கும். அந்தப் பதில் பதிவது உங்கள் வகுப்பில். பத்தாவது வரை சமூக அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒதுங்கிக் கிடந்த பாடத்தை முதன்முதலில் தனிப் பாடமாக அவள் முன்னால் வைப்பவர் நீங்கள்தான்.

மேலைநாடுகளில் இந்தப் பிரச்சினை வேறு வடிவத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பொருளியலில் இளங்கலைப் பட்டம் வாங்குபவர்களில் பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். பல பத்தாண்டுகளாக அந்தப் பங்கு பெரிதாக நகரவில்லை. கணிதத்திலும் வேதியியலிலும்கூட அங்கே பெண்களின் பங்கு இதைவிட அதிகம். இங்கிலாந்தில் பள்ளி இறுதியில் பொருளியலைத் தேர்ந்தெடுப்பவர்களிலும் பெண்கள் ஏறக்குறைய அதே அளவுதான். அங்கே பெண்கள் பொருளியல் வகுப்புக்குப் போதிய அளவில் வருவதில்லை என்பது கவலை.

நம் ஊரில் வகுப்பை எட்டிப் பார்க்கிறவருக்கு அப்படி ஒரு கவலையே எழாது. அரசுக் கல்லூரிகளின் பி.ஏ. பொருளியல் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள் உட்கார்ந்திருந்த ஆண்டுகளே என் பணிக்காலத்தில் அதிகம். அப்புறம் என்ன குறை என்று கேட்கலாம். முதல் நாள் நான் கேட்கும் ஒரு கேள்விக்கு வரும் பதில்களில் அந்தக் குறை வெளிப்படும். "ஏம்மா எகனாமிக்ஸ் எடுத்தே?" என்று கேட்பேன். "வேற டிபார்ட்மென்ட் கெடைக்கல மேடம்." "வீட்டுக்குப் பக்கத்துல இந்தக் காலேஜ்தான், அப்பா வெளியூருக்கு விட மாட்டாங்க." "அண்ணனுக்கு இன்ஜினியரிங் ஃபீஸ் கட்டுறாங்க, எனக்கு இது போதும்னுட்டாங்க." "டி.என்.பி.எஸ்.சி. குரூப் டூ எழுத வசதின்னு சொன்னாங்க மேடம்." விலைவாசி ஏன் ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள வந்தேன் என்று சொன்ன பெண்ணும் உண்டு. அப்படி ஒருத்தி கிடைத்தால் அந்த ஆண்டு எனக்கு நல்ல ஆண்டு.

அண்ணனுக்கு இன்ஜினியரிங், தங்கைக்கு மிச்சம் என்பது ஒரு வீட்டின் கதை மட்டும் இல்லை. மேல்நிலைக் கல்வியில் இந்தியப் பிள்ளைகளின் பாடப்பிரிவுத் தேர்வை சோஹம் சாஹூ, ஸ்டெஃபான் கிளாசன் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். ஒரே வீட்டுக்குள் ஆண்பிள்ளையையும் பெண்பிள்ளையையும் ஒப்பிட்டபோது, அறிவியலோ வணிகவியலோ கிடைக்கும் வாய்ப்பு பெண்ணுக்கு 20 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. ஏழை வீடு, பணக்கார வீடு என்ற வேறுபாட்டால் மட்டும் இதை விளக்கிவிட முடியாது. கூரை ஒன்று, சோறு ஒன்று, பாடப்பிரிவு மட்டும் வேறு.

படிப்பில் அவள் பின்தங்கியவளும் இல்லை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்ச்சியில் ஆண்டுதோறும் மாணவிகளே முந்துகிறார்கள். 2024இல் மாணவிகள் 96.44 சதவீதம், மாணவர்கள் 92.37 சதவீதம். தேர்ச்சியில் முந்துகிறவள் பொருளியலின் மேல்படிகளில் ஏன் தென்படுவதில்லை? என் அனுபவத்தில் அதற்குப் பெரிய காரணம் கணக்கு.

இன்றைய பொருளியல் கணக்கில் நடக்கும் படிப்பு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளியல் சேர வேண்டுமானால் பொது நுழைவுத் தேர்வில் கணிதத் தாள் எழுதியாக வேண்டும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் முதுகலைப் பொருளியல் நுழைவுத் தேர்வில் இரண்டு தாள்கள், அதில் ஒன்று முழுக்கக் கணிதம். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்விலும் கணித முறைகளும் புள்ளியியலும் பாடத்திட்டத்தில் உண்டு. நம் அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல் சேரக் கணிதம் கேட்பதில்லை. அது நல்லது, பல பெண்கள் பட்டதாரி ஆனதே அதனால்தான். ஆனால் பட்டம் வாங்கிய பிறகு அடுத்த படியில் ஏறப் போகும்போதுதான் கணக்கு வழியை மறித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால், வணிகக் கணிதத்துக்குப் பதிலாகக் கணினிப் பயன்பாடுகள் என்று யாரோ எழுதியதன் விளைவு அது. அல்லது அந்தப் பள்ளியில் வணிகக் கணிதப் பிரிவே இருந்திருக்காது.

எலினோர் ஆஸ்ட்ரமுக்கு நடந்ததும் இதுதான். லாஸ் ஏஞ்சல்ஸில் 1933இல் பிறந்தவர். பள்ளியில் இயற்கணிதமும் வடிவியலும் முடித்தபின் மேற்கொண்டு கணிதம் வேண்டாம் என்று அந்தக் காலத்து வழக்கப்படி அவருக்கும் சொல்லிவிட்டார்கள். பின்னாளில் அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் ஆய்வுப் பட்டம் படிக்க விரும்பினார். கணிதம் போதாது என்று அந்தக் கதவு திறக்கவில்லை. அரசியல் அறிவியலுக்குப் போய் அங்கே முனைவர் பட்டம் வாங்கினார். ஊர்ப் பொதுவில் இருக்கும் காடு, மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால் ஆகியவற்றை அரசும் முதலாளியும் இல்லாமல் மக்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்பதை ஸ்பெயின், பிலிப்பைன்ஸ், நேபாளம் என்று நாடு நாடாகக் காட்டினார். 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவரானார். 39,000 ஏரிகளுக்கு மேல் கொண்ட நம் மாநிலத்தில், மடை திறக்க நீர்ப்பாய்ச்சி வைத்திருந்த ஊர்களின் பிள்ளைகளுக்கு அவர் சொன்னது சட்டென்று புரியும். ஆனால் அவரைச் சாதனைக் கதையாக மட்டும் வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். அவர் ஒருவர் சுற்றுவழியில் வந்து சேர்ந்தார். அதே காரணத்துக்காகத் திரும்பிப் போனவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இனி நம் பாடநூலுக்கு வருகிறேன். பிளஸ் ஒன் பொருளியலில் பன்னிரண்டு பாடங்கள். பன்னிரண்டாவது, 'பொருளியலுக்கான கணித முறைகள்.' பிளஸ் டூவிலும் பன்னிரண்டு. அங்கும் பன்னிரண்டாவது, புள்ளியியல் முறைகளும் பொருளாதார அளவையியலும். கடைசிப் பாடத்துக்கு என்ன நடக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரிவிஷன் தேர்வு நெருங்கும், தேர்ச்சி சதவீதம் கேட்டு மேலிடம் துளைக்கும், மெல்லக் கற்போருக்கு மினிமம் மெட்டீரியல் தயாரிக்க வேண்டும். "பன்னெண்டாவது பாடத்தை சாய்ஸ்ல விட்டுடுங்க" என்ற வாக்கியம் இயல்பாக வந்துவிடும். மதிப்பெண் கணக்குப்படி அது சரியாகவும் இருக்கலாம். ஒரு மதிப்பெண் கேள்விகளை புக் பேக்கிலிருந்து தேற்றிவிட்டால் தேர்ச்சி உறுதி.

ஆனால் தேர்ட் குரூப்பில் கணினிப் பயன்பாடுகளோ, ஆர்ட்ஸ் குரூப்பில் வரலாறோ எடுத்திருக்கும் மாணவிக்குப் பத்தாம் வகுப்புக்குப் பிறகு பொருளியலோடு சேர்த்துக் கணக்குக் கற்றுத்தரும் ஒரே இடம் அந்தப் பன்னிரண்டாம் பாடம். அதையும் சாய்ஸில் விட்டால், வகையீடு என்றால் என்ன என்று தெரியாமலே அவள் எங்களிடம் வருவாள். இறுதிநிலைச் செலவு, தேவை நெகிழ்ச்சி எல்லாம் அவளுக்கு மனப்பாடம் செய்த இலக்கணங்களாக மட்டும் இருக்கும். பக்கத்து அறையில் வணிகக் கணிதம் படிக்கும் மாணவி அதே இறுதிநிலைச் செலவை வகையிட்டுக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பாள். அடுத்த ஆண்டு நுகர்வோர் உபரியைத் தொகையிட்டுக் கணக்கிடுவாள். ஒரே பள்ளி, ஒரே கருத்து, ஒருத்திக்குச் சொல்லாகவும் இன்னொருத்திக்குக் கருவியாகவும் போய்ச் சேருகிறது. இது பையன்களுக்கும் பொருந்தும்தான். ஆனால் பையன் வெளியூர் போய், கோச்சிங் சேர்ந்து, ஓராண்டு வீட்டில் இருந்து விட்டதைப் பிடித்துவிடலாம். பெண்ணுக்கு அந்த ஓராண்டை எத்தனை வீடுகள் தருகின்றன? பட்டம் முடிந்த மறுமாதம் ஜாதகம் வெளியே போய்விடுகிறது.

அடுத்தது மதிப்பெண். 2023இல் பொருளியல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், பெண்களின் உழைப்பு வரலாற்றை இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் தேடித் தொகுத்தவர். பெண்கள் ஏன் பொருளியலை விட்டு விலகுகிறார்கள் என்பதையும் அவர் ஆராய்ந்தார். அமெரிக்கக் கல்லூரிகளில் முதல் பொருளியல் பாடத்தில் மிக உயர்ந்த தரம் வாங்கிய பெண்கள் பொருளியலில் தொடர்கிறார்கள். தரம் ஒரு படி இறங்கியதும் பெண்கள் விலகிவிடுகிறார்கள். அதே இறக்கத்தைச் சந்தித்த பையன்கள் அசராமல் தொடர்கிறார்கள். சுமாரான மதிப்பெண்ணை அவன் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. அவளோ அதைத் தனக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறாள்.

நம் வகுப்பிலும் இந்தக் காட்சி உண்டு. காலாண்டுத் தேர்வில் எழுபது வாங்கிய பையன் பேப்பரை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் போவான். எழுபது வாங்கிய பெண் "எனக்கு எகனாமிக்ஸ் வராது மிஸ்" என்பாள். நாம் பெரும்பாலும் என்ன சொல்கிறோம்? "அடுத்த தடவை நல்லாப் படி." அவள் கேட்டது அதை இல்லை. "இந்தப் பாடம் உனக்கு வருகிறது, கேள்வியைப் புரிந்து எழுதியிருக்கிறாய், மேலே படி" என்று அவளிடம் யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. கோல்டினே கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு நுண்ணுயிரியல் படிக்கப் போனவர். ஆல்ஃபிரட் கான் என்ற ஆசிரியரின் வகுப்பு அவரைப் பொருளியல் பக்கம் இழுத்துவிட்டது. இருபத்தைந்து மாணவிகள் இருக்கும் வகுப்பில் அப்படி இழுபடக்கூடிய ஒருத்தி இருப்பாள், அவள் யார் என்று உங்களுக்குத் தெரிந்தும் இருக்கும்.

மூன்றாவது, முகங்கள். பிளஸ் ஒன் முதல் பாடத்தைத் திறந்தால் நான்கு இலக்கணங்கள். ஆடம் ஸ்மித்தின் செல்வ இலக்கணம், மார்ஷலின் நல இலக்கணம், ராபின்ஸின் கிடைப்பருமை இலக்கணம், சாமுவேல்சனின் வளர்ச்சி இலக்கணம். நால்வரும் ஆண்கள். அமெரிக்காவின் தொடக்கநிலைப் பொருளியல் பாடநூல்களை பெட்சி ஸ்டீவன்சன், ஹன்னா ஸ்லாட்னிக் என்ற இரு ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். உண்மை மனிதர்கள், எடுத்துக்காட்டுக்காகக் கற்பனை செய்யப்பட்டவர்கள் என எல்லோரையும் சேர்த்தால் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆண்கள். நம் பாடநூலை நம் மாணவிகளையே எண்ணச் சொல்லலாம். ஒரு பீரியடில் முடியும், அதுவே ஒரு புள்ளியியல் பயிற்சியும் ஆகும்.

பாடநூலை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. மார்ஷலின் இலக்கணத்தை நடத்தும்போது ஐந்து நிமிடம் கூடுதலாகப் பேசுவது உங்கள் கையில் இருக்கிறது. அவருடைய மனைவி மேரி பேலி, கேம்பிரிட்ஜில் 1874இல் பட்டத் தேர்வை எழுதித் தேறிய முதல் பெண்களில் ஒருவர். பெண் என்பதால் பட்டம் தரவில்லை. பிறகு அங்கேயே பொருளியல் கற்பித்தார். 1879இல் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு பொருளியல் நூலும் எழுதினார்கள். அதே மார்ஷல், 1890களில் பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்ற விவாதம் வந்தபோது எதிர்த்து நின்றார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தந்தது 1948இல். நல இலக்கணத்தின் ஆசிரியர் யாருடைய நலத்தை நினைத்தார் என்ற கேள்வியை எந்தப் பதினாறு வயதுப் பெண்ணும் தானே கேட்டுவிடுவாள்.

அங்காடி அமைப்புப் பாடத்தில் ஜோன் ராபின்சன் என்ற பெண் பொருளியலாளருக்கு இடம் கொடுங்கள். நிறைகுறைப் போட்டி பற்றி அவர் நூல் எழுதியது 1933இல். பல தொழிலாளர்கள், ஒரே முதலாளி என்ற நிலையில் கூலி எப்படி அழுந்துகிறது என்று அதில் காட்டினார். ஊரில் ஒரே ஒரு மில் இருந்து, அந்த மில்லின் வேனில் ஏறித்தான் வேலைக்குப் போக வேண்டும் என்ற நிலையில் அக்காவைப் பார்த்த பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். வளைகோடு வரைவதற்கு முன்னால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாடத்தைப் பாதி அவர்களே சொல்லிவிடுவார்கள். அவ்வளவு எழுதிய ராபின்சனுக்குக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவி கிடைத்தது 1965இல்தான்.

அருகிலும் முகங்கள் இருக்கின்றன. நிர்மலா சீதாராமன் திருச்சி சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரியில் பி.ஏ. பொருளியல் படித்தவர். அவருடைய அரசியலை ஏற்பவரும் மறுப்பவரும் வகுப்பில் இருப்பார்கள், இருக்கட்டும். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியின் பொருளியல் வகுப்பிலிருந்து நிதியமைச்சர் நாற்காலிவரை ஒரு பாதை உண்டு என்பது மாணவிகளுக்குத் தெரிய வேண்டும். பெண்களின் உழைப்பைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்து எழுதிய பத்மினி சுவாமிநாதன், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் என்பதும் தெரிய வேண்டும்.

முகம் பார்ப்பதால் மட்டும் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு இரண்டு சான்றுகள். டெக்சாஸில் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் போர்ட்டர், டானிலா செர்ரா என்ற பொருளியலாளர்கள் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். சில தொடக்கநிலைப் பொருளியல் வகுப்புகளுக்கு மட்டும், அங்கே பொருளியல் படித்து நல்ல வேலையில் இருந்த இரண்டு முன்னாள் மாணவிகளை அழைத்து வந்தார்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடப் பேச்சு. அந்த வகுப்புகளில் பொருளியலைத் தொடர்ந்த பெண்களின் பங்கு 8 சதவீதப் புள்ளி கூடியது. அதுவரை அது 9 சதவீதம் அளவில்தான் இருந்தது, ஆகவே ஏறத்தாழ இரு மடங்கு. பையன்களின் தேர்வில் மாற்றம் இல்லை.

இரண்டாவது சான்று நம் நாட்டில். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில், ஊராட்சித் தலைவர் பதவி அடுத்தடுத்து இரண்டு தேர்தல்களில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களை, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட நான்கு பெண் ஆய்வாளர்கள் மற்ற ஊர்களோடு ஒப்பிட்டார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வின்படி, பெண் தலைவரைப் பார்த்து வளர்ந்த ஊர்களில் பெண்பிள்ளைகளின் எதிர்கால விருப்பங்களுக்கும் ஆண்பிள்ளைகளின் விருப்பங்களுக்கும் இடையிலிருந்த இடைவெளி குறைந்தது, படிப்பில் இருந்த இடைவெளி இல்லாமலே போனது. தலைவி யாருக்கும் டியூஷன் எடுக்கவில்லை. அந்த நாற்காலியில் பிள்ளைகள் கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தார், அவ்வளவே.

இதையெல்லாம்விட என்னை அதிகம் உறுத்துவது ஒன்று உண்டு. பொருளியல் என்பது பணக்காரர்களுக்கும் பங்குச் சந்தைக்கும் உரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டு பல பெண்கள் வெளியே போய்விடுகிறார்கள். அவர்கள் வீட்டிலோ பொருளியல் தினமும் நடந்துகொண்டிருக்கிறது. அம்மா மகளிர் குழுவில் இருப்பார். 10,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு 12 சதவீத ஃப்ளாட் ரேட் வட்டி, 12 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 11,200 ரூபாய் கட்டுவார், 12 சதவீதம்தானே என்று எல்லோரும் நினைப்பார்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியோ முழு அசலுக்கும் போடப்படுகிறது. குறையும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டால், 'கணித முறைகள்' எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அன்று மாலை அம்மாவின் பாஸ்புக் வெளியே வரும்.

பிளஸ் டூவில் தேசிய வருவாய் நடத்துகிறீர்கள். வீட்டு வேலைக்காரியை முதலாளி கல்யாணம் செய்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும் என்று பொருளியலாளர் பிகூ சொன்னதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகாதீர்கள். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுக்காகக் கூலியில்லா வேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். ஒரு சனி ஞாயிறுக்கு, வகுப்பில் எல்லோரையும் அவரவர் வீட்டு நேரக் கணக்கை எழுதிவரச் சொல்லுங்கள். பையன்களும் எழுதட்டும். வேலைக்குப் போகாதவர் என்று கணக்கில் எழுதப்படும் அம்மா எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதை அவர்களும் ஒருநாள் குறித்துப் பார்க்கட்டும்.

தமிழ்நாட்டுப் பொருளாதாரப் பாடம் இன்னும் வளமானது. நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் நம் மாநிலத்தில் இருக்கிறார்கள். ஏன் இங்கே மட்டும் இவ்வளவு? கூலி எப்படி? கல்யாணத்துக்குப் பிறகு எத்தனை பேர் தொடர்கிறார்கள்? 2021இல் வந்த கட்டணமில்லாப் பேருந்து, ஒரு பெண் தேடிப்போகும் வேலையின் தூரத்தைக் கூட்டியதா? மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமணத்தின்போது பணமும் தாலிக்குத் தங்கமும் தந்த திட்டம், 2022இல் புதுமைப் பெண் திட்டமாகி, கல்லூரி போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் ஆனது. பணத்தை எப்போது, யார் கையில், எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை மாற்றினால் குடும்பத்தின் முடிவு மாறுமா? ஊக்கம், வாய்ப்புச் செலவு என்ற இரண்டையும் நடத்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் கிடைக்காது. அந்த 1,000 ரூபாயை வாங்கப் போகிறவளே முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

இந்தக் கேள்விகளை யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே எது கணக்கில் வருகிறது என்பது அமைகிறது. 1970களில் பொருளியலாளர் தேவகி ஜெயின் ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் கிராமங்களுக்குப் போய் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று எண்ண வைத்தார். சும்மா இருப்பதாக எழுதப்பட்ட பெண்கள் விறகு, தண்ணீர், மாடு, வயல் என்று நாள் முழுக்க உழைப்பது அதில் தெரிந்தது. பெண்களுக்கு நிலம் எழுதிவைப்பது ஏன் முக்கியம் என்று பீனா அகர்வால் 1994இல் ஒரு பெரிய நூலே எழுதினார். ஆண்களால் இதைக் கேட்டிருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. நெடுங்காலம் கேட்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

ஆகவே உங்களிடம் நான்கு வேண்டுகோள்.

ஒன்று, குரூப் பிரிக்கும் நாட்களில் பொருளியல் ஆசிரியர் ஒருவராவது பெயர் எழுதும் மேஜையில் இருங்கள். பொருளியல் எடுக்க வரும் பெண்ணிடமும் பெற்றோரிடமும், வணிகக் கணிதத்தோடு சேர்த்து எடுத்தால் பின்னால் என்னென்ன திறக்கும் என்று சொல்லுங்கள். உங்கள் பள்ளியில் அந்தப் பிரிவு இல்லையென்றால் பக்கத்துப் பள்ளி எது என்று சொல்லுங்கள். 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சி பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நல்ல வழிகாட்டி. கணிதத்தைப் பொறுத்தவரை அது இரண்டு ஆண்டு தாமதம்.

இரண்டு, பன்னிரண்டாம் பாடத்தைக் கடைசியில் வைக்காதீர்கள். உற்பத்திப் பாடமும் செலவுப் பாடமும் நடத்தும்போதே அதைப் பிரித்துக் கலந்துவிடுங்கள். மினிமம் மெட்டீரியலில் அது இல்லாமல் போகட்டும், வகுப்பில் இருக்கட்டும்.

மூன்று, காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு மாணவியையாவது தனியாகக் கூப்பிட்டு, இந்தப் பாடம் உனக்கு வரும், மேலே படி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவள் வீட்டில் பேச வேண்டியிருந்தால் அதையும் செய்யுங்கள். தங்கைக்கு மிச்சம் என்று முடிவு செய்த அப்பா, பள்ளிக்கூடத்து வாத்தியாரோ டீச்சரோ சொன்னால் ஒருமுறை யோசிப்பார்.

நான்கு, ஆண்டுக்கு ஒரு பீரியட். உங்களிடம் படித்து வங்கியிலோ, புள்ளியியல் துறையிலோ, கல்லூரியிலோ வேலை பார்க்கும் ஒரு பெண்ணை அழைத்து வாருங்கள். சாதனையாளராக இருக்க வேண்டியதில்லை. அந்த ஊர்க்காரியாக, அதே பெஞ்சில் உட்கார்ந்தவளாக இருந்தால் போதும்.

நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரியும். எமிஸ் பதிவேற்றம், ஸ்லிப் டெஸ்ட், சிறப்பு வகுப்பு, தேர்தல் பணி என்று உங்கள் நாள் எப்படிக் கரைகிறது என்பதைக் கண்டவள் நான். நூறு சதவீதத் தேர்ச்சி கேட்கிறவர்கள் யாரும், உங்களிடம் பொருளியல் படித்த எத்தனை பெண்கள் மேலே போனார்கள் என்று கேட்கப் போவதில்லை. அந்தக் கணக்கு எந்தப் படிவத்திலும் கிடையாது. அதனால்தான் கேட்டு எழுதுகிறேன்.

இது உங்கள் தலையில் மட்டும் விழ வேண்டிய சுமையும் இல்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் என்னைப் போல ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியைகள் வீட்டில் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் பாடம் நடத்த ஆள் வேண்டுமென்றால் அவர்களைக் கூப்பிடுங்கள். சாக்பீஸும் ஒரு டம்ளர் டீயும் போதும். டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட்டும் கிடையாது.

அன்புடன்,
கல்லூரிப் பொருளியல் ஆசிரியை ஒருத்தி